தொட்டி நிழலின் கொள்ளளவு

அந்தப் பள்ளிக்கூடத்தில் எப்போதும் இடம் இருந்தது. கொடுமையே அதுதான்.

எத்தனை பிள்ளைகள் வந்து சேர்ந்தாலும், காகிதத்தில் அங்கே இன்னும் கொஞ்சம் இடம் மிச்சம் இருக்கும். அது எப்படி என்று கேட்டால், கல்வி அலுவலகத்தின் திட்டப் பிரிவில் ஒரு விதியைக் காட்டுவார்கள்: பாடம் நடக்கும் இடமெல்லாம் வகுப்பறை. நாலே வார்த்தை. எந்த மகராசன் எழுதினானோ, அவன் பெற்ற பிள்ளை நிச்சயம் அந்த மாதிரி இடத்தில் உட்கார்ந்து படித்திருக்காது. பிள்ளைகள் பெருத்துப்போய் ஆய்வகத்தில் ஒரு வகுப்பை உட்கார வைத்தார்களா, அடுத்த கணக்கெடுப்பில் ஆய்வகம் வகுப்பறை ஆகிவிட்டது. நூலகத்து அலமாரிகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு இன்னொரு வகுப்பு. அதுவும் வகுப்பறை. மாடிப்படி திரும்புகிற இடத்தில், போகிற வருகிறவன் செருப்பெல்லாம் முகத்துக்கு நேரே போகிற இடத்தில், மூன்றாம் வகுப்பு. அதுவும்தான். நெரிசல் கூடக் கூட இடமும் கூடிக்கொண்டே போகிற அதிசயத்தை வேறெங்கே பார்க்க முடியும்?

கொள்ளளவுக்கு மேல் பிள்ளைகள் இருந்தால்தான் புதுக் கட்டடம் தருவார்கள். இந்த விதி இருக்கிறவரை எந்தப் பள்ளியும் அந்தக் கொள்ளளவைத் தாண்டப் போவதில்லை. திட்டக் குழுவே நேரில் பார்த்து ‘இந்த அறை தகுதியற்றது’ என்று எழுதினால் ஒழிய ஓர் அறையையும் கணக்கிலிருந்து எடுக்க முடியாது. குழுவாவது, நேரில் பார்ப்பதாவது!

இந்தக் கண்றாவிக்கு அளவு எடுக்கிற வேலை டேப்பக்காவுக்கு. தோள்பையில் எப்போதும் ஒரு அளவு டேப் கிடக்கும், அதனால் அலுவலகத்தில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அறைகளை அளந்து கொள்ளளவு எழுதுவது அவள் வேலையில் பாதி. மறுபாதி, வருகிற வருஷங்களில் எத்தனை பிள்ளைகள் வருவார்கள் என்று கணித்துச் சொல்வது. அதற்கு அவளிடம் சொந்தமாக ஒரு முறை இருந்தது. பள்ளிக்கூடத்தைச் சுற்றி நாலு பக்கமும் அடுக்குமாடிகள் எழும்பியிருந்தன. ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருத்தெருவாக நடந்து, பால்கனிக் கொடிகளில் என்ன காய்கிறது என்று அண்ணாந்து பார்ப்பாள். குழந்தைத் துணி காய்கிற வீடு, இன்னும் நாலைந்து வருஷத்தில் பள்ளிக்கூட வாசலுக்கு வரப்போகிற வீடு. "யாரு இந்தம்மா, எங்க வீட்டு ஜட்டியை எண்ணிக்கிட்டு நிக்குது?" என்று மேலேயிருந்து ஒருத்தி கத்தியதும் உண்டு.

துணிகள் சொன்ன சேதி பயங்கரமாக இருந்தது. முதல் வகுப்பு மட்டும் இரண்டு மடங்காகப் போகிறது. அதை எழுதி எடுத்துக்கொண்டு போனால், பிரிவின் அதிகாரி ஏறெடுத்துப் பார்க்கமாட்டார். அவருக்குப் பின்னால் சுவரில் ஒரு வரைபடம். அதில் பிள்ளைகளுக்கு ஒரு கோடு, இடத்துக்கு ஒரு கோடு. எல்லாக் கேள்விக்கும் அந்தக் கோட்டைத்தான் காட்டுவார். அவருக்குக் கோடு சார் என்று பெயர் வைத்தவன் நன்றாயிருக்க வேண்டும்.

"இங்க பாரும்மா. பிள்ளைங்க கோடு ஏறுது. சரி. இடக் கோடும் அதுக்கு மேல ஏறுது. எங்க இருக்கு பிரச்சினை?"

"இடம் ஏறலை சார். மாடிப்படியை ரூமுன்னு எழுதியிருக்கோம்."

"பாடம் நடக்குதா, இல்லையா?"

"நடக்குது."

"அப்ப ரூம்தான்."

வாய் கூசாமல் சொல்வார். சொல்லிவிட்டு மேஜை அறையிலிருந்து சீப்பை எடுத்துத் தலை சீவிக்கொள்வார். 

இந்த வருஷம் அந்தப் பள்ளியில் முதல் வகுப்புக்கு அவள் தங்கச்சி மகளும் சேர வேண்டியிருந்தது. தங்கச்சி புருஷன் சரக்கு வண்டி ஓட்டுகிறவன். வாரத்தில் பாதி நாள் ஊரில் இருக்கமாட்டான். தங்கச்சி ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். தனியார் பள்ளிக்கூடம் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது. பிள்ளை ஓயாமல் பேசும், அதனால் வீட்டில் மைனா. சேர்க்கை தொடங்கிய அன்றைக்கே பள்ளி வாசலில் ‘இடமில்லை’ என்று பலகை மாட்டிவிட்டார்கள். காகிதத்தில்தான் இடம் இருந்ததே தவிர, பெஞ்சில் இல்லை.

"அக்கா, நீ அந்த ஆபீஸ்லயே இருக்கே. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று தங்கச்சி போனில் அழுதாள்.

"சொன்னா என்னடி ஆகும்? இருக்கிற பிள்ளை மடியில இன்னொரு பிள்ளையை உக்கார வைப்பாங்க."

"மடியில உக்காந்தாலும் பரவால்லை. உள்ள உக்காரட்டும்."

 டேப்பக்கா போனை வைத்துவிட்டாள். ஒரு வாரம் கழித்துக் கணக்கெடுப்புக்கு அதே பள்ளிக்கு அவளே போக வேண்டியிருந்தது.

தலைமையாசிரியையை எல்லோரும் பெரிய டீச்சர் என்பார்கள். ஓடியாடி வேலை செய்கிற மனுஷி; குரல் மட்டும் எப்போதும் கட்டிப்போயிருக்கும். அன்றைக்கு முகமெல்லாம் சிரிப்பாக வரவேற்றார்.

"வாங்க, வாங்க. புதுசா ஒரு ரூம் ரெடி பண்ணியிருக்கேன். பதினாலாம் நம்பர். வந்து பாருங்க."

விளையாட்டு மைதானத்தின் கோடியில், சுற்றுச்சுவரை ஒட்டி ஒரு நீளக் கட்டடம். வெளியில் மஞ்சள் வண்ணம் அடித்து, கதவில் ஒரு கிளியும் வரைந்திருந்தார்கள். டேப்பக்கா வாசலிலேயே நின்றுவிட்டாள். அந்தக் கட்டடம் அவளுக்குத் தெரியாதா? குழி நிரம்பிப் பொங்கியதால் மூடிப்போட்ட பழைய கக்கூஸ்.

உள்ளே தடுப்புச் சுவர்களை இடித்துத் தள்ளியிருந்தார்கள். இடித்த தடம் சுவர் நெடுக வரிசையாகத் தெரிந்தது. குழிகளை மண் போட்டு அடைத்துச் சிமெண்ட் பூசியிருந்தார்கள். பூசிய இடம் பழைய தரையின் நிறத்தோடு சேராமல், எது எங்கே இருந்தது என்பதை அப்படியே காட்டிக்கொடுத்தது. மூலையில் தண்ணீர் போகிற பொந்தில் சாக்குத் துணியைச் சுருட்டித் திணித்து, அதன் மேல் ஒரு செங்கல். ஜன்னல் கிடையாது. கூரையை ஒட்டி இரண்டு சின்ன வென்டிலேட்டர். பினாயில் ஊற்றிக் கழுவியிருந்தார்கள். ஆனால் அந்த நாற்றம் தரையில் இல்லை, தரைக்கு அடியில் இருந்தது. பினாயிலைத் தள்ளிக்கொண்டு மேலே வந்து தொண்டையில் உட்கார்ந்தது. டேப்பக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"சீ! இதுலயா டீச்சர் பிள்ளைங்களை உக்கார வைக்கப் போறீங்க?"

பெரிய டீச்சரின் சிரிப்பு போய்விட்டது. "வேற எங்க உக்கார வைக்கச் சொல்றீங்க? தினம் வாசல்ல நாப்பது அம்மாக்கள் நின்னு அழுறாங்க. ஒருத்தி என் கால்லயே விழுந்துட்டா. இடமில்லை இடமில்லைன்னு நானும் எத்தனை நாள்தான் சொல்றது?"

"இதை ரூமுன்னு காட்டாதீங்க. காட்டாம இருந்தா உங்க பிள்ளைங்க கொள்ளளவுக்கு மேல போயிடுவாங்க. புதுக் கட்டடம் கேக்கலாம்."

"கட்டடம் எப்ப வரும்?"

டேப்பக்கா தரையில் பூசியிருந்த சிமெண்டைப் பார்த்தாள்.

"கட்டடம் வரும்போது வரட்டும். பிள்ளைங்க திங்கட்கிழமை வருது" என்றார் பெரிய டீச்சர். "பாடம் நடத்தத்தான் போறேன். நீங்க அளந்தாலும் சரி, அளக்காம போனாலும் சரி."

அளந்தாள். வேறு வழி? விதி அவள் கையைக் கட்டிப்போட்டிருந்தது. டேப்பைச் சுருட்டும்போது அதன் நுனி மூலையிலிருந்த ஈரத்தைத் தொட்டுவிட்டது. வெளியே வந்து குழாயடியில் கழுவினாள், சோப்பு கேட்டு வாங்கி மறுபடியும் கழுவினாள். அப்படியும் பையில் போட மனசு வரவில்லை. அறை எண் பதினாலு, கொள்ளளவு நாற்பது. மறுநாள் கோடு சார் அதில் கையெழுத்துப் போட்டுவிட்டு, சுவர் வரைபடத்தில் இடக் கோட்டை ஒரு விரல்கடை உயர்த்தினார்.

அன்று சாயங்காலமே தங்கச்சி கூப்பிட்டாள். குரலில் அப்படி ஒரு குதூகலம். "அக்கா! இடம் கிடைச்சிருச்சு! புதுசா ஒரு ரூம் திறந்திருக்காங்களாம்! நீதானே சொல்லி வச்சே? எனக்குத் தெரியும்!"

டேப்பக்கா "ம்" என்று மட்டும் சொன்னாள்.

பள்ளி திறந்து சில வாரம் கழித்துத் தங்கச்சி வீட்டுக்குப் போனாள். மைனா ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டது. பிள்ளையின் தலைமுடியில் அந்த வாடை. எண்ணெயும் சீயக்காயும் போட்டுத் தேய்த்த தலையிலும் லேசாக, அடியில் அதே வாடை. டேப்பக்கா சடாரென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்ததிடம் முகத்தைத் திருப்ப வேண்டியிருக்கிறதே என்று அடுத்த நொடியே அவள் மேல் அவளுக்கே அருவருப்பாக வந்தது.

"பெரியம்மா, எங்க கிளாஸ்ல ஒரு ஓட்டை இருக்கே, அது மழை பெய்ஞ்சா பேசும்" என்றது மைனா.

"என்ன பேசும்?"

"களக் களக்னு பேசும். யாரும் அதுக்குப் பக்கத்துல உக்கார மாட்டோம்னு சண்டை. அதனால டீச்சர் டர்ன் போட்டிருக்காங்க. செவ்வாய்க்கிழமை என் டர்ன்."

தங்கச்சி அடுப்படியில் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து கவிழ்த்தாள். காலையில் ஊற்றிக் கொடுத்தது அத்தனையும் அப்படியே கொட்டியது.

"தண்ணியே குடிக்கறதில்லை அக்கா. ஒரு வாய் கூட. சாயங்காலம் வந்ததும் நின்னுக்கிட்டே ஒரு சொம்பு குடிக்குது."

"ஏன்டி கண்ணு?"

"குடிச்சா ஒண்ணுக்கு வரும்" என்றது பிள்ளை, இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி. "இருக்கிறது ஒரே கக்கூஸ். பெரிய அக்காங்க எல்லாம் முன்னாடி நிப்பாங்க."

பழையதை வகுப்பாக்கியாயிற்று, புதிதாகக் கட்டிய சின்னதில் மொத்தப் பள்ளிக்கூடமும் போய் நிற்கிறது. டேப்பக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

"நீ ஒண்ணும் சண்டை கிண்டை போட்டு வைக்காதே அக்கா" என்றாள் தங்கச்சி தாழ்ந்த குரலில். "கிடைச்ச இடம் போயிடப் போகுது. வாடைதானே? தலைக்கு ஊத்தினா போயிடும்."

வாடைதானே! வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அந்தச் சொல் டேப்பக்காவுக்குக் கசந்தது. இன்னும் கொஞ்ச நாளில் பிள்ளைகளுக்கும் பழகிவிடும். அவளுக்குக் குமட்டலே அதை நினைத்துத்தான்.

வருஷத்துக்கு ஒரு தடவை திட்டக் குழு கூடும். அடுத்த ஐந்து வருஷத்துக்கு எந்தப் பள்ளிக்குக் கட்டடம் வேண்டும், எதற்கு வேண்டாம் என்று அன்றைக்குத்தான் முடிவாகும். அந்தத் தடவை பார்த்து அலுவலகக் கூட்ட அறையின் உள்கூரை இடிந்து விழுந்திருந்தது.

"எங்கேயாவது ஒரு பள்ளிக்கூடத்துல வச்சுக்கலாம். சனிக்கிழமைதானே, காலியா இருக்கும்" என்றார் கோடு சார். "நல்லதா ஒரு ரூம் சொல்லும்மா."

டேப்பக்கா ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "பதினாலாம் நம்பர் ரூம் இருக்கு சார். மைதானத்துல தனியா, சத்தம் கித்தம் இல்லாம. கொள்ளளவு நாப்பது. நம்ம குழு பத்துப் பேர்கூட இல்லை. தாராளம்."

அவர் தாளைப் பார்த்தார். நாற்பது என்று இருந்தது. கீழே அவருடைய கையெழுத்தே இருந்தது. "பேஷ்!" என்றார்.

பெரிய டீச்சரிடம் போய்ச் சொன்னபோது அவர் டேப்பக்காவின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "பினாயில் போட்டு வைக்கட்டுமா?"

"பிள்ளைங்களுக்குத் தினம் போடுறீங்களா?"

"முதல் வாரம் போட்டேன். அப்புறம் ஏது பினாயில்?"

"அப்ப எதையும் மாத்தாதீங்க."

வெள்ளிக்கிழமை பூராவும் மழை கொட்டியது. சனிக்கிழமை வெயில் பளிச்சென்று அடித்தது. குழு உறுப்பினர்கள் கிளி வரைந்த கதவைத் தாண்டி வந்து, முதல் வகுப்பு பெஞ்சுகளில் முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஒருவர் கைக்குட்டையை எடுத்தார். பார்த்து இன்னொருவர் எடுத்தார். தேநீர் வந்தது, யாருக்கும் வாயருகே கொண்டுபோக முடியவில்லை.

"எலி ஏதும் செத்துக் கிடக்கா?" என்றார் குழுவில் இருந்த கட்டட இன்ஜினியர்.

"அதெல்லாம் ஒண்ணும் இருக்காது" என்றார் கோடு சார். வரைபடத்தை விரித்தார். "இந்தப் பள்ளியைப் பொறுத்தவரை, பிள்ளைங்க கோட்டுக்கு மேலதான் இடக் கோடு எப்பவும் போயிட்டிருக்கு. அதனால புதுக் கட்டடம்ங்கிற பேச்சுக்கே…"

மூலையில் களக் என்றது.

எல்லோரும் திரும்பினார்கள். இன்னொரு தடவை களக். செங்கல் லேசாக அசைந்தது. சாக்குத் துணி உப்பி வெளியே வந்தது, பின்னாலேயே கறுப்பாக, கொழகொழவென்று ஒன்று. அது அவசரப்படவில்லை. பூசின தரையின் வாட்டத்தில் மெல்ல நகர்ந்து வந்து, கோடு சாரின் மெருகேற்றிய பூட்ஸைத் தொட்டது. நாற்றம் எழுந்த வேகத்தில் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடி வாசலிலேயே வாந்தி எடுத்துவிட்டார். கோடு சார் பெஞ்சு மேல் ஏறி நின்றார். அறுபதை நெருங்குகிற மனுஷன், வரைபடத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பெஞ்சு மேல்!

"சீச்சீ! என்ன கர்மம்யா இது? கக்கூஸா இது?"

"முன்னாடி அதுதாங்க" என்றார் பெரிய டீச்சர் அமைதியாக. "இப்ப ஒண்ணாங் கிளாஸ்."

"இதுல எப்படி ஒரு மனுஷன் உக்காருவான்?"

"நாப்பது பேர் உக்காருறாங்க சார்" என்றாள் டேப்பக்கா. "உங்க கையெழுத்து இருக்கு. இன்னைக்கு நீங்க உக்காந்திருந்த இடம், செவ்வாய்க்கிழமை எங்க வீட்டுப் பிள்ளையோட டர்ன்."

இன்ஜினியர் மைதானத்தில் நின்றபடியே, கைக்குட்டைக்குள்ளிருந்து பேசி, எழுத வைத்தார்: அறை எண் பதினாலு தகுதியற்றது. இன்றே பூட்ட வேண்டும். ஒருவர் மிச்சமில்லாமல் கையெழுத்துப் போட்டார்கள். அந்த அறை கணக்கிலிருந்து போனதும், எத்தனையோ வருஷத்தில் முதல் தடவையாக அந்தப் பள்ளியில் இடத்தைவிடப் பிள்ளைகள் அதிகமானார்கள். புதுக் கட்டடத்துக்குக் குழு பரிந்துரைத்தது. ஒரேயொரு நிபந்தனை: அதிகாரி நேரில் வந்து பள்ளியை மறு அளவு எடுத்து, டேப்பக்காவும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும்.

தங்கச்சி அன்றைக்குப் போனில் அவளைப் பிடி பிடி என்று பிடித்துவிட்டாள். "பூட்டிட்டியா? நல்லாயிருப்பியா நீ? என் பிள்ளை இப்ப எங்க போகும்?"

"எங்கயும் போகாதுடி. பேரை எடுக்க மாட்டாங்க. பெரிய டீச்சர் எனக்கு வாக்குக் குடுத்திருக்காங்க. கட்டடம் வர்ற வரைக்கும் வெளிய உக்காரும். வெளியன்னா ரூம் இல்லை. யாரும் எண்ண முடியாது."

அப்படித்தான் நம்பினாள், பாவம்.

மைதானத்தின் நடுவில் ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டி. கால் வைத்து மேலே தூக்கிக் கட்டியது இல்லை. தரையிலிருந்தே வட்டமாக எழும்பிய உயரமான சுவர். காலையில் அதன் நிழல் மைதானத்தில் நீளமாக விழும். முதல் வகுப்பு அந்த நிழலில் பாய் விரித்து உட்கார்ந்தது. வெயில் ஏற ஏற நிழல் சுருங்கும். பிள்ளைகள் பாயோடு சுவரை நோக்கி நகரும். மைனாவின் தலையில் வாடை போய்விட்டது. தண்ணீர் மட்டும் இன்னமும் குடிப்பதில்லை. முதுகை அத்தனை தண்ணீரில் சாய்த்துக்கொண்டு, நாக்கு வறண்டு உட்கார்ந்திருக்கும்.

கோடு சார் மறு அளவுக்குக் காலையிலேயே வந்துவிட்டார். பூட்ஸ் புதுசு. டேப்பின் ஒரு முனையை டேப்பக்காவிடம் கொடுத்து எல்லா அறையையும் அளந்தார். கடைசியில் மைதானத்துக்கு வந்தார். தொட்டியின் நிழலில் பிள்ளைகள் அட்சரம் சொல்லிக்கொண்டிருந்தன. அவர் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். மெல்ல அவர் முகம் மலர்ந்தது. 

"பாடம் நடக்குது, இல்லையா?" என்றார்.

"சார்…"

"அந்த முனையைப் பிடி."

நிழலை அளந்தார். ஐயோ, நிழலைப் போய் அளந்தார்! சாக்பீஸ் கேட்டு வாங்கி, நிழல் விழுந்த இடத்தைச் சுற்றித் தரையில் கட்டம் போட்டார். பிள்ளைகள் ஏதோ விளையாட்டு என்று நினைத்துக் கைதட்டின. "திறந்தவெளி வகுப்பறை. கொள்ளளவு ஐம்பது" என்று எழுதிக்கொண்டார். "காத்தோட்டம் பிரமாதம். பக்கத்துலயே தண்ணி. குடிநீர் வசதியும் உண்டுன்னு சேர்த்துக்கலாம். பாத்தியாம்மா, பழையபடி இடம் மிச்சம் வந்திருச்சு! கட்டடம் தேவைப்படாது."

டேப்பக்காவுக்கு அவர் முகத்தில் காறித் துப்பினால் என்ன என்று தோன்றியது. பெஞ்சு மேல் ஏறி நின்ற மனுஷன்தானே இவர்? அந்தக் கறுப்பு இவர் பூட்ஸைத் தொட்டதே, ஒரு நாளாவது இவரைத் தூங்கவிடாமல் செய்யவில்லையா? பூட்ஸை மாற்றிக்கொண்டார், அவ்வளவுதான்.

அவர் பெரிய டீச்சரின் அறையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து நிதானமாக எல்லாவற்றையும் எழுதி முடித்தார். தாளை அவள் பக்கம் தள்ளினார். "கையெழுத்துப் போடு."

"ஒரு தடவை சரிபாத்துட்டுப் போடுறேன் சார். நான் அளந்ததுக்குத்தானே நான் கையெழுத்துப் போடணும்."

"எதைச் சரிபாக்கணும்?"

"கடைசி ரூமை மட்டும். நீங்களும் வந்து முனையைப் பிடிங்க."

அவர் சலித்துக்கொண்டே எழுந்து வந்தார். வெளியே உச்சி வெயில் மண்டையைப் பிளந்தது. சாக்பீஸ் கட்டம் மைதானத்தின் நடுவில் கொதித்துக்கொண்டு கிடந்தது. அதற்குள் ஈ காக்கை இல்லை. நிழல் சுவரோரம் ஒரு நாடா அளவுக்குச் சுருங்கிப்போயிருந்தது. அதில் முதல் வகுப்பு முழுவதும் முதுகைச் சுவரில் ஒட்டி, காலை மடக்கி, ஒன்றோடொன்று நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தது. இடம் கிடைக்காததுகள் தலையில் பையைக் கவிழ்த்துக்கொண்டு வெயிலில் இருந்தன.

"அக்கிரமமா இருக்கே! உச்சி வெயில்ல வந்து அளந்தா எப்படி?" என்றார் கோடு சார்.

"எத்தனை மணிக்கு அளக்கணும்னு விதியில இல்லை சார். பிள்ளைங்க இப்பவும் இங்கதான் இருக்காங்க. பாடம் நடக்குது. நீங்க உங்க கட்டத்துக்குள்ள நில்லுங்க, நான் சுவர்கிட்டேயிருந்து அளந்துக்கிட்டு வர்றேன்."

அவர் கட்டத்துக்குள் நின்றார். டேப்பக்கா அவசரப்படவே இல்லை. டேப்பைப் பிரித்தாள், முறுக்கெடுத்தாள், மறுபடியும் பிரித்தாள். அவருடைய நெற்றியில் வியர்வை வழிந்தது. சட்டை முதுகோடு ஒட்டியது. கொஞ்ச நேரத்தில் அவருக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும். டேப்பை விட்டுவிட்டுத் தட்டுத்தடுமாறிச் சுவரைப் பார்த்து வந்தார்.

"இடம் இருக்கு தாத்தா. உக்காருங்க" என்றது மைனா.

சொல்லிவிட்டுத் தன் பையை எடுத்துக்கொண்டு எழுந்து, வெயிலில் போய் உட்கார்ந்தது.

அவர் உட்கார்ந்தார். ஆறு வயசுப் பிள்ளை எழுந்து கொடுத்த இடத்தில், அப்பாடா என்று காலை நீட்டி உட்கார்ந்தார். டேப்பக்காவுக்கு அந்த ஆபாசத்தைக் கண்கொண்டு பார்க்க முடியவில்லை.  குனிந்து, டேப்பின் நுனியைச் சுவரில் வைத்து, நிழல் முடிகிற இடம் வரைக்கும் இழுத்தாள். அது அவர் முழங்காலில் வந்து முடிந்தது.

"முழங்காலை மடக்கிக்கோங்க சார்" என்றாள். "ரூம் இதோட முடியுது."

அவர் மடக்கிக்கொண்டார். பக்கத்துப் பிள்ளைகள் இன்னும் நெருங்கின.

"மைனா, உள்ள வாடி கண்ணு. சுடுது பாரு."

பிள்ளை கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தது. "தாத்தா எந்திரிச்சாத்தானே பெரியம்மா இடம்?"

 டேப்பக்கா தாளில் இருந்த ஐம்பதை அடித்துவிட்டு, நிழலில் உட்கார முடிந்த பிள்ளைகளை எண்ணி அந்த எண்ணை எழுதினாள். பிள்ளைகள் கணக்கு மறுபடியும் இடத்தைத் தாண்டியது. தன் கையெழுத்தைப் போட்டாள். பிறகு தாளையும் பேனாவையும் அவர் மடக்கிய முழங்கால் மேல் வைத்தாள். எழுந்திருக்க அவருக்கு அவ்வளவு அவசரம். எண்ணைப் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.